கட்டித்தான் இருந்தேன்

சண்முகசுந்தரிக்கு அலுவலகத்தில் "லிஸ்ட் அக்கா" என்று பெயர். பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அவள். அறையில் எந்தக் கோப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். யாருக்காவது வீடு மாற்ற வேண்டி வந்தால் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். எந்தப் பெட்டியில் எதை வைக்க, எதை லாரியில் முதலில் ஏற்ற என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாள்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு ஊர். விருதுநகர், தென்காசி, புனலூர் என்று மாறிக்கொண்டே இருந்ததில், பத்து வயதிலேயே பெட்டிகளின் மேல் சாக்கட்டியால் எழுதுகிற வேலை அவளுக்கு வந்துவிட்டது. புனலூருக்குப் போனபோது ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையவில்லை என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை இன்றுவரை அவள் மறக்கவில்லை.

கல்யாணமாகி வந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு நாலு நாள் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். முன்பெல்லாம் வாடகை வேனில் மூட்டையும் முடிச்சுமாக ஏற்றிக்கொண்டு போய், அங்கே இறங்கியதும் உப்பு எங்கே, தீப்பெட்டி எங்கே என்று அரை நாள் தேடுவார்கள். சுந்தரி வந்த பிறகு அது மாறிற்று. நாற்பத்தொன்றாம் வயதில் வண்டி ஓட்டப் பழகி, ஏழு பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றையும் வாங்கினாள். கணவர் வைத்தியலிங்கத்துக்குச் சர்க்கரையால் கண் மங்கியிருந்ததால் ஓட்டுவதும் அவள்தான், சாமான் ஏற்றுவதும் அவள்தான்.

அவள் ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. கனமானவை தரையில், பின் சீட்டை ஒட்டி. அரிசி டிரம், தண்ணீர் கேன், பாத்திரப் பெட்டி. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், தனிக் கயிறு வேண்டும். அதற்கு மேல் தார்ப்பாய், கூடாரப் பை. எல்லாவற்றுக்கும் மேலே பாய், போர்வை, துணி. ஒவ்வொரு பெட்டியிலும் 'முதல் நாள் மதியம்', 'ராத்திரி வெளிச்சம்', 'மழை வந்தால்' என்று காகிதம் ஒட்டியிருக்கும். பேட்டையில் ஒரு பட்டறையில் சொல்லி வண்டித் தரையில் நாலு இரும்புக் கொக்கி பற்றவைத்திருந்தாள். அதில் மாட்டி இழுத்து இறுக்குகிற, லாரிக்காரர்கள் போடும் பெல்ட் இரண்டு வாங்கியிருந்தாள். இறுக்கிய பிறகு கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தம் சரியாக இருந்தால்தான் கதவைச் சாத்துவாள்.

அந்த வருஷம் அமாவாசைக்கு மூன்று நாள் முன்னால், விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். தனி வண்டிகளை மலைக்கு மேலே விடாத வருஷங்களும் உண்டு. அந்த முறை விட்டார்கள். கொழுந்தன் மகேஷ் இடம் பிடிக்க முந்தின நாளே பைக்கில் போய்விட்டான். வண்டியில் சுந்தரியும் வைத்தியலிங்கமும் முன்னால். பின் சீட்டில் மாமியார் பார்வதியம்மாள், நாத்தனார் விஜயஸ்ரீ, மகேஷின் மனைவி மதுமதி.

மதுமதிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பேட்டையில் குடியிருந்தாள், அங்கேயே ஒரு மழலையர் பள்ளியில் டீச்சர். சிரித்த முகம், ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு மறதிக்காரி என்று பெயர் விழுந்திருந்தது. வந்த புதிதில் பலகாரத் தூக்குவாளியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியவள். பார்வதியம்மாள் அதை இன்னும் விடவில்லை.

எல்லாம் ஏற்றி முடித்து பெல்ட் போடுகிற நேரத்தில் மதுமதி ஒரு வார்ப்பிரும்பு கேஸ் அடுப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும்.

"அக்கா, இதையும் வச்சுக்கிடுவோமா? போன வருஷம் ஒத்த அடுப்புல சோறாக்கி முடிக்க ரெண்டு மணி ஆயிட்டுல்லா."

லிஸ்டில் அது இல்லை. சுந்தரிக்குச் சுருக்கென்றது. ஆனால் சொன்னது நியாயம். கீழே இடமில்லாததால் பாத்திரப் பெட்டிப் பக்கம் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கச் சொன்னாள்.

"நான் கட்டிக்கிடுதேன். நீ ஏறு."

அடுப்பின் கால்களுக்கு நடுவே பெல்ட்டை விட்டு வாங்கி, இறுக்கி, தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் இருக்கிறதா என்று ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து அனுப்பினார்கள். அவர்கள் முறை வந்ததும் சுந்தரி இறங்கிப் பின்கதவைத் திறந்தாள். பெட்டிகளைத் திறந்து காட்ட பெல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. பார்க்க வந்த காவலர், ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இவ்வளவு வருசமா இங்கன நிக்கேன், இப்படி அடுக்கி ஒருத்தரும் கொண்டுவந்ததில்ல. கடை மாதிரில்லா இருக்கு!"

அவர் அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார். காலை வெயில் சரியாகப் பெட்டிகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பெல்ட் குறுக்கே இல்லாததால் காகிதங்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. சுந்தரி போனை எடுத்தாள். ஒரு படம் எடுத்தாள், இரண்டடி பின்னால் போய் இன்னொன்று எடுத்தாள். அங்கேயே நின்று அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள், ஸ்டேட்டஸிலும் வைத்தாள். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். "வெரசா எடுங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள். கதவைச் சாத்திவிட்டு ஓடி வந்து ஏறி வண்டியை எடுத்தாள்.

முதல் வளைவில் திரும்பும்போதே ஞாபகம் வந்துவிட்டது. பெல்ட் போடவில்லை.

இதைத்தான் பின்னாளில் அவளால் தாங்க முடியவில்லை. மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைப்பாள். மறக்கவில்லை. அடுத்த வளைவுக்கு முன்னால் சாலை அகலமாக, வண்டி ஒதுங்க இடத்தோடு கிடந்தது. அதைப் பார்த்தாள். கால் பிரேக் பக்கம் போகக்கூடப் போயிற்று. நிறுத்தினால் "என்னத்துக்கு நிறுத்துதே?" என்று வைத்தியலிங்கம் கேட்பார். பெல்ட் போட மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். பின்னால் மதுமதி இருக்கிறாள். கிளம்பும்போது அவளிடம், "எதுலயும் ஒரு கவனம் வேணும் மது" என்று சொல்லியிருந்தாள். மேலே போய்ச் சேர இன்னும் கொஞ்ச தூரம்தானே, பைய ஓட்டினால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த இடத்தைக் கடந்து போனாள்.

நாலைந்து வளைவு தாண்டியிருக்கும். மேட்டிலிருந்து இறக்கமாக இருந்த இடத்தில், குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு குரங்கு குறுக்கே ஓடி நடுச்சாலையில் நின்றுவிட்டது. சுந்தரி பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின்னால் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம். அதற்கு மேல் ஒரு கனத்த சத்தம். அப்புறம் விஜயஸ்ரீ, "அம்மா!" என்று கத்தினாள்.

அடுப்பு சீட்டுக்கு மேலாக வந்து அவளுடைய இடது தோளில் இறங்கி மடியில் விழுந்து கிடந்தது. ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் தலை. விஜயஸ்ரீக்கு முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. இடது கையைத் தூக்க முடியவில்லை. மதுமதிதான் முதலில் சுதாரித்து அடுப்பைத் தூக்கிக் கீழே வைத்து, தன் துப்பட்டாவைக் கழற்றி அந்தக் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள்.

வைத்தியலிங்கம் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். மங்கிய கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"இந்த அடுப்பை யாரு மேல வச்சது?"

"நான்தான் அத்தான்," என்றாள் மதுமதி.

"உன்னை யாருளா இதைக் கொண்டுவரச் சொன்னா?" என்று பார்வதியம்மாள் அலறினாள். "லிஸ்டுல இல்லாததைத் திணிச்சு எம் பிள்ளைய கொல்லப் பாத்தியே!"

மதுமதி சுந்தரியைப் பார்த்தாள். குற்றம் சொல்லுகிற பார்வையாக அது இல்லை. நீங்கள்தானே கட்டினீர்கள், சொல்லுங்கள் என்கிற மாதிரி, நம்பிக்கையோடு பார்த்தாள்.

சுந்தரி சொன்னாள். "நான் கட்டித்தான் இருந்தேன். கடைசி நேரத்துல உச்சியில கொண்டுபோய் வச்சா பெல்ட் எப்படி நிக்கும்?"

அது அவள் வாயிலிருந்துதான் வந்தது. குரல்கூட நடுங்கவில்லை.

அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பி ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது, அதற்கு மேலும் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே வராந்தாவில் சுந்தரி உட்கார்ந்திருந்தபோது கைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. அலுவலகக் குழுவில் கைதட்டும் படங்கள் வரிசையாக வந்திருந்தன. "அக்காட்ட டியூஷன் படிக்கணும்" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "இதுக்குப் பேருதான் நிர்வாகம்" என்று மேலதிகாரி எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். உச்சியில் அடுப்பு தெரிந்தது. பெல்ட்டின் கொக்கி கழன்று ஓரமாகத் தொங்குவதும் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குழுவிலிருந்து அதை அழித்தாள். ஸ்டேட்டஸையும் எடுத்தாள். அலுவலகத்தில் யாரோ, "என்னாச்சுக்கா, போட்டோ காணும்?" என்று கேட்டதற்கு, "தெரியாமக் கை பட்டுட்டு" என்று பதில் போட்டாள். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்.

விஜயஸ்ரீக்குக் கணவர் இல்லை. பெருமாள்புரத்தில், அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவள். ஆவணி முகூர்த்தங்களுக்கு வாங்கி வைத்திருந்த பிளவுஸ் துணிகளை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கல்யாணப் பெண் ஒருத்தியின் தாயார் கடை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.  சுந்தரி விஜயஸ்ரீயை வீட்டோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். தலை வாரிவிட்டாள், சட்டை மாற்றிவிட்டாள், சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள்.

"மதினி இல்லைன்னா நான் என்ன செய்வேன்?" என்று விஜயஸ்ரீ ஒருநாள் சொன்னாள். சுந்தரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மதுமதி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழம் வாங்கிக்கொண்டு வருவாள். பார்வதியம்மாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மகேஷ்கூட அவளிடம் முன்போல இல்லை என்று பேச்சு. மதுமதி கொஞ்ச நேரம் நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். சுந்தரியிடம் "வாரேன் அக்கா" என்பாள். அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரம், விஜயஸ்ரீயைப் பார்க்கச் சொந்தத்தில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். மூன்று மாதக் குழந்தை. கையிலிருந்து கைக்கு மாறி வந்தது. மதுமதிக்கு இன்னும் குழந்தை இல்லை. அவள் ஆசையோடு இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தையைக் கொடுக்கக் குனிந்த பெண்ணைப் பார்வதியம்மாள் தடுத்தாள்.

"அவட்ட கொடுக்காதே. எதையும் வச்ச எடத்துல வைக்கத் தெரியாதவ."

கூடத்தில் யாரோ சிரிப்பதுபோல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். மதுமதியின் கைகள் ஒரு கணம் அப்படியே நீட்டியபடி இருந்தன. பிறகு அவற்றை மடக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போகவும் இல்லை, அழவும் இல்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சுந்தரி காபி டம்ளர்கள் வைத்த தட்டோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். தட்டை எல்லோருக்கும் நீட்டினாள். மதுமதி, "எனக்கு வேண்டாம் அக்கா" என்றாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டியை எடுக்காமல் பஸ் ஏறிப் பேட்டைக்குப் போனாள். பள்ளி விட்டு வந்து மதுமதி கைப்பையைக்கூட இன்னும் கீழே வைத்திருக்கவில்லை. சுந்தரி நின்றபடியே சொன்னாள்.

"பெல்ட் நான் போடலை மது. செக்போஸ்டுல கழத்துனதுக்குப் பொறவு போடலை."

"தெரியும் அக்கா."

சுந்தரிக்குப் புரியவில்லை.

"ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தீங்கள்லா? ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்து பார்த்தேன். கொக்கி தொங்கிட்டு இருந்துது. கொஞ்ச நேரங்கழிச்சு உங்க முகத்தைப் பார்த்தேன். பொறவு போனைப் பார்த்தா, படம் இல்ல."

"நீ ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா யாரு நம்புவா? படமும் போயிட்டு. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்." மதுமதி கைப்பையை ஆணியில் மாட்டினாள். "நாள் எண்ணிட்டு இருந்தேன். நேத்தோட விட்டுட்டேன்."

சுந்தரி அவள் கையைப் பிடிக்கப் போனாள். மதுமதி நகர்ந்துகொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சதையே என்னட்ட வந்து சொல்லி என்னக்கா ஆவப்போவுது? அன்னைக்கு வண்டியில யாரெல்லாம் இருந்தாங்களோ, அவங்கட்ட சொல்லுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தாள். மகேஷும் மதுமதியும் வந்திருந்தார்கள். சாவடியில் கழற்றியதை, படம் எடுத்ததை, அதை அழித்ததை, கட்டித்தான் இருந்தேன் என்று பொய் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். 

சொல்லி முடித்ததும் அடி விழும் என்று காத்திருந்தவளுக்கு, விழுந்தது வேறொன்று. பார்வதியம்மாள் சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"சரி, அதுக்கென்ன இப்பம்? நீ என்ன வேணும்னா செஞ்சே? ஒத்த ஆளா எத்தனையைப் பாப்பே? மறந்திருப்பே."

அஞ்சு வாரமாக மதுமதியை வைத்து வாட்டிய அதே மறதி, சுந்தரிக்கு என்றதும் ஒன்றுமில்லாததாகிவிட்டது. மதுமதி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளைப் பார்த்த பிறகு, அதோடு நிறுத்திக்கொள்ள சுந்தரியால் முடியவில்லை.

"மறக்கலை அத்தை. முதல் வளைவுலயே ஞாபகம் வந்துட்டு. வண்டியை ஒதுக்க இடமும் இருந்துது. மறந்துட்டேன்னு உங்க முன்னால சொல்ல வெக்கப்பட்டுட்டு நிறுத்தாமப் போனேன்."

இதை அவள் சொல்லாவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. எந்தப் படத்திலும் அது இல்லை.

கட்டுப் போட்ட கையோடு மூலை நாற்காலியில் இருந்த விஜயஸ்ரீ தலையைத் தூக்கினாள்.

"ஞாபகம் வந்துதா மதினி?"

"ஆமா."

விஜயஸ்ரீ எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று சாயங்காலமே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். துணிப்பையை மதுமதிதான் தூக்கிக்கொண்டு போனாள். வைத்தியலிங்கம் இரண்டு நாள் சுந்தரியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுக்கொள்ளத் தலையை அண்ணாந்தபடி, "அந்தப் பிள்ளை மேல பழி விழுந்ததுக்கு, அன்னைக்கு நான் கேட்ட கேள்விதான் முதல்ல," என்று மட்டும் சொன்னார்.

பார்வதியம்மாள் மதுமதியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவளுக்கு வராது. மகேஷ் மட்டும், அம்மா இருக்கும்போதே, "என் பெண்டாட்டியை இனி யாரும் அப்படிப் பேசக்கூடாது" என்றான். அதைச் சொல்ல அவனுக்கும் அஞ்சு வாரம் ஆகியிருந்தது. அடுத்த ஆடிக்கு அவர்கள் இருவரும் காரையாறு வரவில்லை. பள்ளியில் லீவு கிடைக்கவில்லை என்று மதுமதி போனில் சொன்னாள். 

எலும்பு கூடியது. ஆனால் விஜயஸ்ரீயின் இடது கை தோளுக்கு மேல் பழையபடி ஏறவில்லை. மழைக்காலத்தில் குடைச்சல் வேறு. மிஷின் மிதிக்க முடிந்தது. நெடுநேரம் குனிந்து கைத்தையல் போட முடியவில்லை. சுந்தரி ஒரு சனிக்கிழமை கேட்காமலேயே கடைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விஜயஸ்ரீ நிமிர்ந்து பார்த்தாள்.  ஊக்கு வைக்க வேண்டிய பிளவுஸ் ஒன்றை எடுத்து மேஜையில் தள்ளினாள்.

கோப்பு அடுக்கிய கைக்கு ஊசி வளையவில்லை. முதல் மாதம் வைத்ததெல்லாம் கோணல். விஜயஸ்ரீ வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். வாரத்துக்கு ஒருநாள், மாதத்துக்கு நாலு நாள். கூலி பற்றிய பேச்சே இல்லை. பேச்சே அதிகமில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் ரவிக்கைத் துணி கொடுக்க மதுமதி வந்தாள். ஸ்டூலில் குனிந்திருந்த சுந்தரியைப் பார்த்துக் கொஞ்சம் நின்றாள். பிறகு விஜயஸ்ரீயிடம் அளவு சொல்லிவிட்டு, "கை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் "வாரேன் அக்கா" என்றாள்.

"சரி மது," என்றாள் சுந்தரி. தலையைத் தூக்கிச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதற்குள் மதுமதி தெருவில் இறங்கியிருந்தாள்.

விஜயஸ்ரீ கையை நீட்டி அந்தப் பிளவுஸை வாங்கிப் பார்த்தாள்.

"மூணாவது ஊக்கு இழுத்துட்டு நிக்கி மதினி. பிரிச்சுட்டு மறுபடி வைங்க."

சுந்தரி கத்தரிக்கோலை எடுத்து நூலைப் பிரிக்கத் தொடங்கினாள்.